முழு மரபணுவை மனித டி.என்.ஏ.வில் பொருத்துவது எப்படி: பிஎக்ஸ்பி1 நொதியைக் கையாளும் முறை

நுரையீரலைப் பாதிக்கும் மரபுவழி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு தொடர்புடைய சிஎஃப்டிஆர் மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து செய்வது நடக்கிற காரியமன்று. பழுதற்ற மரபணுவை முழுமையாகப் பொருத்திவிட்டால், மாற்றம் எதுவாயினும் பெரும்பாலானோருக்கு ஒரே சிகிச்சை உதவக்கூடும். இதற்காக டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரி கொண்டு வெட்டினால், செல் அவற்றைத் தன் போக்கில் ஒட்டும்போது எழுத்துகள் விடுபடலாம், குரோமோசோம் துண்டுகளே இடம் மாறலாம். எனவே, ஆய்வகச் செல்களில் பழகத் தொடங்கும் மாணவருக்கு, மைக்கோபாக்டீரியாவைத் தாக்கும் வைரஸிலிருந்து பெறப்பட்ட பிஎக்ஸ்பி1 இன்டெக்ரேஸையே பரிந்துரைப்பேன். attB என்னும் டி.என்.ஏ. தளத்தையும் attP என்னும் தளத்தையும் தானே வெட்டித் தானே இணைக்கும் இந்த நொதி, இணைந்தபின் உருவாகும் புதிய தளங்களைத் தனியாக மீண்டும் பிரிக்காது.

மனித டி.என்.ஏ.வில் அந்தத் தளம் இயல்பாக இல்லாததால், முதலில், விரும்பிய எழுத்துகளை டி.என்.ஏ.வில் நேரடியாக எழுதும் இரட்டைப் பிரைம் எடிட்டிங் முறையில், எதிரெதிர் இழைகளை நோக்கிய இரு வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு, 38 எழுத்து நீளமுள்ள attB தளத்தை எழுதுங்கள். பிறகு இன்டெக்ரேஸையும், மரபணுவோடு attP தளத்தைத் தாங்கிய பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வையும் செலுத்துங்கள்.

தளத்தின் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகளை வரிசை வடிவமைக்கும்போதே பலமுறை சரிபாருங்கள். இயற்கையில் அவை ஜி, டி. இரு தளங்களிலும் அவை ஒன்றாக இருந்தால்தான் இணைப்பு நடக்கும். ஏ, டி என்பதுபோல் எதிரிழையிலும் அதே வரிசையாகவே படிக்கப்படும் இணையை வைத்தால், நொதிக்குத் திசை தெரியாமல் மரபணு தலைகீழாகவும் பொருந்திவிடும்.

பிளாஸ்மிடில் அடையாளத்துக்காகப் பச்சை ஒளிர் புரத மரபணுவையும் வைத்திருந்தால், இரண்டாம் நாளே செல்கள் பச்சையாக ஒளிர்வதைக் கண்டு மரபணு பொருந்திவிட்டதாக முடிவுசெய்யாதீர்கள். பொருந்தாமல் மிதக்கும் பிளாஸ்மிடும் அதே ஒளியைத் தரும். இரண்டு மூன்று வாரம் செல்களைப் பெருக்கி, பிளாஸ்மிட் நீர்த்துப்போனபின், பிரைமர்கள் எனப்படும் தொடக்கத் துண்டுகளில் ஒன்றைக் குரோமோசோமிலும் மற்றதைச் செருகலுக்குள்ளும் வைத்து, இரு முனைச் சந்திப்புகளையும் பி.சி.ஆர். முறையில் நகலெடுத்துப் பெருக்கி வரிசையறியுங்கள். இன்டெக்ரேஸ் சேர்க்காத செல்களையும் உடன் வைத்து ஒப்பிடுங்கள்.

மரபணு பொருந்திய செல்களின் அளவு குறைவாக இருந்தால், மரபணுத் திருத்த ஆய்வாளர் டேவிட் லியூவின் ஆய்வகம் 2024-இல் தொடர் பரிணாமத் தேர்வின்மூலம் உருவாக்கிய பிஎக்ஸ்பி1 வகைகளுக்கு மாறுங்கள். அவை மூல நொதியைவிடப் பல மடங்கு திறனுள்ளவை. நோயாளியிடமிருந்து நேரடியாக எடுத்த செல்களுக்கு மாறும்போது பிளாஸ்மிடின் அளவைக் குறைத்தே தொடங்குங்கள், ஏனெனில் வெளியிலிருந்து வரும் ஈரிழை டி.என்.ஏ.வைத் தொற்றெனக் கருதி அச்செல்கள் மடியக்கூடும்.