வாஸ்கோடகாமா கிளப்பின் வரலாற்றை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பிரேசில் கால்பந்து கிளப் ஒன்றைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் தேடுவது கோப்பைப் பட்டியலைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கிளப்பை ஆரம்பித்தது யார், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பதை முதலில் பாருங்கள். ரியோ டி ஜெனீரோவின் வாஸ்கோடகாமாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதைவிடப் படிக்க வேண்டிய கிளப் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொடங்கிய வருடத்தைப் பார்த்தவுடன் அது கால்பந்து தொடங்கிய வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1898 ஆகஸ்ட் 21-ல் ரியோவில் குடியேறிய போர்த்துகீசியர்கள் வாஸ்கோவைத் தொடங்கியது படகுப் போட்டிக்காக. கடலோடி வாஸ்கோடகாமா இந்தியாவுக்கு வந்து 400 வருடம் ஆன நேரம், அதனால்தான் அந்தப் பெயர். கால்பந்து வந்தது 1915-ல். ரியோவிலேயே வாஸ்கோவின் பெரிய எதிரியான ஃபிளமெங்கோவும் இப்படிப் படகில் பிறந்த கிளப்தான்.

அப்புறம் நேராக 1923-க்குப் போங்கள், அங்கே நிதானமாக இருங்கள். 1922-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வந்த வாஸ்கோ, அடுத்த வருடமே ரியோவின் சாம்பியன். அணியில் கறுப்பர்கள், கலப்பினத்தவர்கள், உழைத்துச் சாப்பிடும் ஏழை வெள்ளையர்கள். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் ஆடும் கௌரவ விளையாட்டாகக் கால்பந்து இருந்த ஊரில் இது எப்படி உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1924-ல் ஃபிளமெங்கோ, ஃப்ளூமினென்ஸ், பொட்டாஃபோகோ போன்ற ரியோவின் பெரிய கிளப்கள் இருந்த லீக்கை விட்டுப் பிரிந்துபோய் ஆமேயா என்ற புது லீக்கை அமைத்தன. வாஸ்கோ அதில் சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள்.

1924 ஏப்ரல் 7-ல் கிளப் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் அதற்கு எழுதிய பதில் கடிதத்தை, யாரோ எழுதிய சுருக்கத்தில் படிக்காமல், மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாவது முழுசாகப் படியுங்கள். சின்னக் கடிதம்தான். அதில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆட்டக்காரர்களின் ‘சமூக நிலை’ விசாரிக்கப்பட்ட விதத்தை ஏற்க முடியாது என்கிறது. 1923 வெற்றிக்காகப் போராடியவர்களை லீக்கில் சேரும் ஆசைக்காகப் பலி கொடுப்பது எங்களுக்குத் தகாத செயல் என்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள், அவர்கள் மேல் கறை படிய நாங்கள் உடன்பட மாட்டோம் என்று முடித்துவிட்டு, லீக்கில் சேரவில்லை என்று சொல்லிவிடுகிறது. விலக்கச் சொன்னவர்களும் நிறத்தைக் காரணமாக எழுதிக் காட்டவில்லை, தொழில், படிப்பு, மைதானம் என்றுதான் பேசினார்கள். இது புரிந்தால்தான் அந்தக் காலத்து ரியோவே புரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘கறுப்பர்களை ஆடவிட்ட முதல் பிரேசில் கிளப்’ என்று வாஸ்கோவைப் பற்றி எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அதே ரியோவின் பாங்கு கிளப்பில் 1905-லேயே கறுப்பரான பிரான்சிஸ்கோ கர்ரெகால் ஆடியிருக்கிறார். கறுப்பர்களும் ஏழைகளும் இருந்த அணியோடு சாம்பியன் ஆனதும், நெருக்கியபோது அவர்களைக் கைவிடாததும்தான் வாஸ்கோவின் பெருமை. அதுவே போதும், அதற்கு மேல் எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை.

கடிதத்துக்கு அடுத்த வருடமே, 1925-ல், வாஸ்கோ ஆமேயாவில் சேர்ந்தது. மைதானம் இல்லை என்ற பேச்சுக்கும் பதில் வந்தது: ரசிகர்களிடம் பணம் திரட்டிக் கட்டிய சாவோ ஜனுவாரியோ மைதானம் 1927 ஏப்ரல் 21-ல் திறக்கப்பட்டது. திறப்பு ஆட்டத்தில் சாண்டோஸ் கிளப்பிடம் 3-5 என்று தோற்றார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கோப்பைகள். மாநிலப் பட்டத்தையும் தேசியப் பட்டத்தையும் சேர்த்து எண்ணாதீர்கள். இன்றைய தேசியத் தொடர் 1971-ல்தான் வந்தது. 1959 முதல் நடந்த பழைய போட்டிகளை 2010-ல்தான் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ரியோ கிளப்களுக்கு மாநிலப் பட்டமான ரியோ பட்டம்தான் பெரிய பட்டம், ஆகவே இன்றைய கண்ணோடு அதைச் சின்னதாக நினைக்கக் கூடாது. வாஸ்கோவுக்குத் தேசியப் பட்டம் 1974, 1989, 1997, 2000 என நான்கு. 1948-ல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் தென்னமெரிக்க சாம்பியன்களின் போட்டியை வென்றது, நூற்றாண்டு வருடமான 1998-ல் தென்னமெரிக்க கிளப்களின் பெரிய போட்டியான லிபர்டடோரெஸ் கோப்பை. 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் தோற்ற பிரேசில் அணியின் கோல்கீப்பர் பார்போசாவும், அந்தத் தொடரில் அதிக கோல் அடித்த அடெமிரும் வாஸ்கோக்காரர்கள். பார்போசா மேல் சாகும்வரை அந்தத் தோல்வியின் பழி இருந்தது, அதைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

கிளப் ரசிகர்கள் எழுதுவதை மட்டும் படித்தால் 2008, 2013, 2015, 2020 என நான்கு முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கிய கதை வேகமாகக் கடந்துபோகும். ஃபிளமெங்கோ ரசிகர்கள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் இதை மறக்கவே மாட்டார்கள்.

கடைசியாக ஒரு ஆட்டம் பாருங்கள்: 2000 டிசம்பர் 20, தென்னமெரிக்க கிளப்களுக்கான மெர்கோசூர் கோப்பை இறுதி, எதிரணியான சாவோ பாவ்லோவின் பால்மெய்ராஸ் கிளப்பின் சொந்த மைதானத்தில். இடைவேளையில் வாஸ்கோ 0-3 என்று பின்னால், முடிவில் 4-3 என்று வெற்றி. வாஸ்கோவின் ரொமாரியோ மூன்று கோல். வீடியோ கிடைத்தால் முதல் பாதியைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.