கதிர்வீச்சு படிந்த தீவுக்கு மக்களைத் திரும்ப அழைத்துப் போவது எப்படி

இந்த வேலைக்கு வருபவர்கள் மண்ணை அளக்கும் கருவியைத்தான் முதலில் தூக்குகிறார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பசிபிக் கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் கதையை முதலில் படியுங்கள், ஏனென்றால் செய்யக்கூடாதது எல்லாவற்றையும் அங்கே ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள்.

1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெடாக் பவளத்தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அதற்காக வெளியேற்றப்பட்ட பிகினி மக்களிடம் 1968-ல் அதிபர் ஜான்சன் ஊர் திரும்பலாம் என்றார், சில குடும்பங்கள் நம்பிப் போய்க் குடியேறின, 1978-ல் உடம்பில் சீசியம்-137 என்ற கதிர்வீச்சுப் பொருள் ஏறிவிட்டது என்று மறுபடி கப்பலேற்றினார்கள். சோதனைச் சாம்பல் படிந்த ரோங்கெலாப் தீவின் மக்களையும் 1957-ல் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். பயம் தாங்காமல் 1985-ல் கிரீன்பீஸ் கப்பலில் அவர்களாகவே கிளம்பிவிட்டார்கள். இதற்குப் பிறகு நீங்கள் போய் “பாதுகாப்பானது” என்றால் யார் கேட்பார்கள்? அளக்கும் நிபுணரை அந்த மக்களே தேர்ந்தெடுக்கட்டும், செலவு மட்டும் உங்களுடையது. எந்த அளவு வரை தாங்கலாம் என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை ரோங்கெலாப்புக்கு ஆண்டுக்கு 100 மில்லிரெம் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றது, மார்ஷல் தீவுகளின் அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 15 என்றது. அறிவியல் மட்டும் தீர்த்துவைக்கிற சண்டை இல்லை இது.

அடுத்தது சாப்பாடு, உண்மையான தலைவலி இங்கேதான். பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு, அதனால் தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் அதைப் போலவே இருக்கும் சீசியத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. பொட்டாசிய உரம் போட்டால் நன்றாகவே குறைகிறது, ஊர்ப்பகுதியில் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் பவளச் சரளை கொட்டலாம், சரி. ஆனால் உங்கள் கதிர்வீச்சுக் கணக்கு, மக்கள் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் கடை அரிசிதான் என்று எடுத்துக்கொண்டு போடப்பட்டிருக்கும். சரக்குக் கப்பல் மூன்று வாரம் தாமதமானால்? சமைக்கிற பெண்களிடம் கேளுங்கள், கப்பல் வராத நாளில் அடுப்பில் என்ன வேகும் என்று. அந்தப் பதிலை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். சீசியம் சேரும் தேங்காய் நண்டைத் தொடாதே என்று பலகை வைப்பது சுலபம், ஆனால் விருந்துக்கு அது இல்லாமல் எப்படி என்று பெரியவர்கள் கேட்பார்கள், அதற்குப் பதிலோடு போங்கள்.

நிலத்தைப் பற்றி: அங்கே நிலம் பெரும்பாலும் தாய்வழியாக வரும். காயல் கரையிலிருந்து மறுபக்கக் கடல் வரை நீளும் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு குலம் உண்டு. நீங்கள் ஒரு மூலையைச் சுத்தம் செய்து வரிசையாக வீடு கட்டினால், சுத்தமான நிலம் ஒரு குலத்துக்கு, மற்றவர்கள் அவர்கள் மண்ணில் விருந்தாளிகள் என்று ஆகிவிடும். எனிவெடாக்கில் இதைப் போன்றதுதான் நடந்தது. 1980-ல் திரும்பியபோது வடக்கே எஞ்செபி தீவு வாழத் தகுந்ததாக இல்லை, அந்த மக்கள் தெற்கே அடுத்தவர் தீவுகளில் தங்கினார்கள். வரைபடம் போடும் முன்பே குலத்தலைவர்களை உட்காரவைத்து, யார் மண்ணில் யார், எத்தனை வருடத்துக்கு, பதிலுக்கு என்ன என்று எழுதி வாங்குங்கள்.

திரும்பாதவர்களின் உதவித்தொகையில் கை வைக்காதீர்கள். 1985-ல் கிளம்பி மெஜாட்டோ தீவில் தங்கிய ரோங்கெலாப் மக்களுக்கு, ஊர் திரும்பாவிட்டால் பணம் நிற்கும் என்று 2010 வாக்கில் அமெரிக்கத் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. அதற்குப் பெயர் மறுகுடியேற்றம் இல்லை. தலைநகர் மஜுரோவில் பிறந்து பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் வராமல் இருக்கலாம், தாத்தா பாட்டி மட்டும் போகலாம், அதற்கும் இடம் வையுங்கள்.

திரும்பிப் போனவர்களின் உடம்பிலுள்ள சீசியத்தை அளக்கும் கருவி தீவிலேயே இருக்க வேண்டும், உள்ளூர் ஆளே இயக்கட்டும். முடிவை மார்ஷலீஸ் மொழியில் முதலில் அந்த நபரிடம் சொல்லுங்கள், அறிக்கை அப்புறம். அளவு ஏறினால் யார், எந்தப் படகில், எங்கே போவார்கள், அங்கே வீட்டு வாடகை யார் கட்டுவார்கள் என்பதை முதல் குடும்பம் ஏறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.