பாய்மரம் மாற்றப் பறக்கிறவர்களுக்கு

சின்னப் பந்தயப் படகு கைக்கு வந்ததும் எதையாவது மாற்றிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் செய்த அதே கூத்தையே செய்கிறார்கள். முடிச்சு அவிழ்வது, கயிறு சிக்குவது எல்லாம் தண்ணீரே கற்றுக்கொடுத்துவிடும், அதை விடுங்கள். காசைக் கரைக்கும் தவறுகள் மட்டும் கீழே.

விதியைத் தலைகீழாகப் படிப்பது

ஒரே விதிக்குள் போட்டியிடும் படகுகளை ஒரு வகுப்பு என்பார்கள். லேசர் (இப்போது ஐஎல்சிஏ) என்ற ஒற்றையாள் படகு மாதிரி வகுப்பில் விதி அனுமதிக்காத எதுவும் தடைதான். மாத் என்ற இன்னொரு ஒற்றையாள் படகு வகுப்பில் நீளம் 3.355 மீட்டர், அகலம் 2.25 மீட்டர், பாய்ப் பரப்பு, படகுக்கு ஒரே உடல் என்று சில வரம்புகள். அதற்குள் உங்கள் சாமர்த்தியம். தண்ணீருக்கு மேலே பறக்கும் சின்னப் படகு அங்கே வளர்ந்தது அதனால்தான். அந்தச் சாமர்த்தியத்தை லேசரில் காட்டினால் அளவுப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாயை மறந்து பாய்மரம் வாங்குவது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். பாயின் முன்விளிம்பை நேர்கோடாக வெட்டுவதில்லை, வெளியே கொஞ்சம் வளைத்து வெட்டுவார்கள். காற்றில் பாய்மரம் வளையும்போது அந்த உபரித் துணியை இழுத்துக்கொள்ளும், பாய் தட்டையாகும். அதாவது பாய் தைக்கப்பட்டதே ஒரு குறிப்பிட்ட வளைவுக்குத்தான். ஃபின் என்ற ஒற்றையாள் படகு ஓட்டும் மெலிந்த பையன் ஒருவன், தன்னைவிட நல்ல கனமான ஆள் ஜெயித்ததைப் பார்த்து, அதே மாதிரி விறைப்பான கார்பன் பாய்மரத்தைப் பழையதாக வாங்கி வந்து தன் பழைய பாயை ஏற்றினான். மரம் வளையவில்லை, உபரித் துணி முழுக்கப் பாயின் வயிற்றில் போய்ச் சேர்ந்தது, காற்று ஏறியதும் கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) எவ்வளவு இழுத்தாலும் பாய் தட்டையாகவில்லை, படகு சாய்ந்தபடியே கிடந்தது. அப்புறம் புதுப் பாய்க்கும் செலவு. மரம் அளவுக்கு மீறி இளகியிருந்தால் நேர்மாறு: பாயின் கீழ்ப் பின்மூலையிலிருந்து மரத்தின் நடுப்பகுதிக்குச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடும், காற்றை நோக்கி ஏறவே ஏறாது.

வாங்கும் முன் மரத்தை இரு முனையிலும் தாங்கிக் கிடத்தி, நடுவில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்து, அந்த எண்களையும் உங்கள் எடையையும் பாய் தைப்பவரிடம் கொடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரே நாளில் மூன்றை மாற்றுவது

வேண்டாம். எது உதவியது என்றே தெரியாது.

அளவு குறிக்காமல் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைத் தளர்த்துவது

அளக்கும் டேப் எதற்கு இருக்கிறது?

பழைய விதிப் பிரதி

லேசரின் மேல் பாய்மரத் துண்டு வெகுகாலம் அலுமினியம்தான். இப்போது கூட்டுப்பொருள் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது) துண்டும் செல்லும், அதுவும் அங்கீகரித்த தயாரிப்பாளருடையது மட்டும். அதனால் பணம் கொடுக்கும் அன்றைக்கு எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதைப் படியுங்கள், நண்பர் அனுப்பிய பழைய பிரதியை அல்ல.