டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்குப் பள்ளியைத் தயார் செய்வது எப்படி

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நர்ஸாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் பள்ளிக்கு வரும் நர்ஸ்கள் என்னிடம் அதிகம் கேட்பது டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான். இன்சுலின் போடுவதும் சுகர் பார்ப்பதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் வார்டில் நோயாளி கண்ணெதிரே கட்டிலில் இருப்பார். பள்ளியில் பிள்ளை வகுப்பில் இருக்கும், கிரவுண்டில் ஓடும், வேனில் போகும். சுகர் இறங்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது கிளாஸ் மிஸ்ஸோ, பி.டி. சாரோ, ஆயாம்மாவோதான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

பெற்றோரோடு உட்காருங்கள்

பள்ளி திறக்கும் முன்பே வரச் சொல்லுங்கள். ஆபீஸ் வாசலில், அட்மிஷன் கூட்டத்துக்கு நடுவில் இந்தப் பேச்சு வேண்டாம். சிக் ரூமில் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

பல குடும்பங்கள் படிவத்தில் நோயை எழுதுவதில்லை, பெண் பிள்ளை என்றால் இன்னும் தயங்குவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவர் என்னிடம், "சிஸ்டர், உங்களுக்கு மட்டும் சொல்றனுங்க. மிஸ்ஸுக்குக்கூடத் தெரிய வேண்டாமுங்க. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போயிருமுங்க" என்றார். இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். ஊர் அப்படித்தான் பேசுகிறது, அதை நாளைக்குத் தாங்க வேண்டியவர் அந்த அம்மா. நான் சொன்னது இதுதான்: "ஊருக்குச் சொல்ல வேண்டாமுங்க. பாப்பாவுக்கு மயக்கம் வந்தா முதல்ல ஓடி வரப்போறது யாரோ, அவங்களுக்கு மட்டும் சொல்லலாம். யார் யாருன்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்." கிளாஸ் மிஸ் என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பி.டி. சார் என்றார். பிறகு, "வேன்ல போறப்ப வந்தா?" என்று அவரே கேட்டார். பட்டியல் அவர் வாயிலிருந்து வந்ததால் அதன் கீழே தயங்காமல் கையெழுத்தும் போட்டார். பிள்ளையையும் கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்து பெஞ்ச் தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்லும்.

அடுத்து, "வீட்ல சுகர் இறங்குனா பாப்பா எப்படி இருப்பா?" என்று கேளுங்கள். நடுக்கம், வியர்வை, பசி என்று நாம் படித்தது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. "உதட்டைச் சுத்தி வெளுத்துரும், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா" என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே தாளில் எழுதினேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மிஸ்ஸுக்கு அந்த ஒரு வரி போதும். பிள்ளை திடீரென்று முரண்டு பிடித்தால் திமிர் என்று நினைக்கமாட்டார்.

மதிய இன்சுலின் எத்தனை யூனிட், யார் போடுவது, சுகர் எந்த அளவுக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் டாக்டர் கையெழுத்தோடு எழுத்தில் இருக்கட்டும். அளவு மாறினால் புதுச் சீட்டின் போட்டோ வர வேண்டும், வாய்வார்த்தையில் மாற்றாதீர்கள். காலையில் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் பள்ளிக்கு அனுப்பும் முன் உங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

யாரோ சொன்ன நாட்டு மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்தலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். டைப் 1 உள்ள பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டாமல், ஆனால் சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லுங்கள். சில வீடுகளில் உண்மைக் காரணம் பணமாக இருக்கும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். கோவையில் டைப் 1 பிள்ளைகளுக்காகவே இயங்கும் இதயங்கள் அறக்கட்டளையும் இருக்கிறது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று எழுதியே கொடுங்கள்.

ஊழியர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள்

ஸ்டாஃப் மீட்டிங்கில் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் யாருக்கும் எதுவும் நிற்காது. பட்டியலில் பெயர் இல்லாதவர் காதிலும் விழுந்துவிடும்.

கிளாஸ் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டியது: இந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் கேட்ட உடனே விட வேண்டும். அறிகுறி தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். "சிக் ரூமுக்குப் போ" என்று தனியாக ஒருபோதும் அனுப்பக் கூடாது, படிக்கட்டில் விழுந்து கிடந்தால் யாருக்கும் தெரியாது. சுகர் 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை தேவை. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கினால் அந்த அளவு வரும். சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர் குறைத்து எழுதியிருந்தால் அதன்படி கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சுகர் பார்க்கும் மெஷின் கையில் இல்லை என்றால் இறங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கொடுத்துவிடலாம். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சுகர் மெதுவாகத்தான் ஏறும், முதலில் கொடுக்க அது உதவாது.

பிறந்தநாள் சாக்லேட்டைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். வகுப்பு முழுக்கக் கொடுத்துக்கொண்டு வந்து, "உனக்கு வேண்டாம்மா" என்று ஒரு பிள்ளையை மட்டும் தாண்டிப் போவது கொடுமை. எல்லோருக்கும் போல அதற்கும் கொடுக்கட்டும். மதியச் சாப்பாட்டோடு கணக்கில் சேர்ப்பதோ வீட்டுக்கு எடுத்துப் போவதோ அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

நான் அதிக நேரம் செலவழிப்பது பி.டி. சாரோடு. பயத்தில் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்துவிடுவார்கள், அது கூடாது. எல்லோரையும் போல அதுவும் விளையாட வேண்டும். விளையாடும் முன் சுகர் பார்த்து, 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடவைத்துவிட்டுக் கிரவுண்டில் இறக்கலாம். 250க்கு மேல் இருந்து வயிற்றுவலி, வாந்தி, சோர்வு என்று சொன்னால் விளையாட்டு வேண்டாம், உங்களைக் கூப்பிட வேண்டும். குளுக்கோஸ் பாக்கெட் சாரின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. ஓடியாடிய நாளில் ராத்திரி தூக்கத்தில்கூட சுகர் இறங்கும். ஸ்போர்ட்ஸ் டே பிராக்டீஸ் தொடங்கும் வாரம் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் போடக் கூடாது. நம் ஊரில் பதற்றத்தில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்குப் போன் செய்ய வேண்டும். டாக்டர் சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதை நீங்கள் போடுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. நான் ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு ஆயாம்மாவை என்னைத் திருப்பச் சொல்வேன். முதல் தடவை, "விழுந்துருவீங்க சிஸ்டர்" என்று தொடவே கூச்சப்பட்டார். இப்போது தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து ஒரே மூச்சில் திருப்பிவிடுகிறார். வேன் டிரைவருக்கும் இதே பயிற்சி கொடுங்கள். வேனில் ஒரு டப்பா குளுக்கோஸ், அம்மாவின் நம்பர், உங்கள் நம்பர் இருக்கட்டும். இன்சுலின் மட்டும் வேனில் இருக்கக் கூடாது, வெயிலில் கெட்டுவிடும்.

பரீட்சைக்கு முன்

தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக 2017ல் சிபிஎஸ்இ அனுமதி கொடுத்தது. வேறு போர்டு என்றால் ஹெச்.எம். வழியாகத் தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே டாக்டர் கடிதத்தோடு எழுதவையுங்கள். மையம் வேறு பள்ளியாக இருந்தால் அங்கே யாருக்கும் இந்தப் பிள்ளையைத் தெரியாது. பள்ளிக்குள் நடக்கும் பரீட்சைக்கும் மணி அடிக்கும் முன் ஒரு முறை சுகர் பாருங்கள். இறங்கியிருக்கும்போது தெரிந்த கணக்கும் வராது.

சிக் ரூமும் வீட்டுக்குப் போகும் செய்தியும்

ஊசி போடச் சுத்தமான, மறைவான இடம் சிக் ரூமில் இருக்க வேண்டும். பாத்ரூமுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள், குப்பைக்கூடையில் போட்டால் பெருக்கும் அக்கா கையில் குத்தும். திறக்காத இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரை ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்துபோனதைத் தூக்கிப் போடுங்கள். தோலில் ஒட்டிச் சுகர் அளவைக் காட்டும் சென்சார் போட்ட பிள்ளைக்கு, அதைப் பார்க்க போன் தேவைப்பட்டால் ஹெச்.எம். அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நேரம், சுகர் அளவு, என்ன கொடுத்தோம் என்று மூன்றையும் அம்மாவுக்குத் தனியாக வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள், வகுப்பு குரூப்பில் ஒரு வார்த்தை வரக் கூடாது. போன் பேசும்போது முதல் வாக்கியம் எப்போதும், "பாப்பா நல்லா இருக்கா" என்பதாக இருக்கட்டும். பள்ளி நம்பரைப் பார்த்தாலே அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. எல்லாம் சரியாக இருந்த நாளிலும் அவ்வப்போது ஒரு செய்தி போடுங்கள்.

நீங்கள் லீவு போடும் நாளில் யார் பார்ப்பார் என்பதை ஹெச்.எம். எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பிள்ளையின் மருந்தும் மெஷினும் இருக்கும் இடம் தெரிய வேண்டும், மெஷினில் ஒரு முறையாவது சுகர் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் கிளாஸ் மிஸ் மாறுவார், சில சமயம் வேன் ரூட்டும் மாறும். அப்போது அம்மாவை மறுபடி அழைத்துப் பழைய பட்டியலை முன்னால் வைத்து, யாரை எடுப்பது, யாரைச் சேர்ப்பது என்று கேளுங்கள். அன்றைக்கே ஸ்ட்ரிப், குளுக்கோஸ், இன்சுலின் மூன்றின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.