ஸ்பைக் அடிக்கிற தோளை எங்கே நீட்ட வேண்டும்

மாலையில் எந்த வாலிபால் கிரவுண்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். வலைக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பி, கையைப் பின்னால் போகும் அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்டால் "தோள் இறுக்கமா இருக்குண்ணே, லூஸ் பண்றேன்" என்பார்கள். இறுக்கம் இருப்பது உண்மைதான், ஆனால் அது இருப்பது தோளின் பின்பக்கத்தில். வருஷக்கணக்கில் அடித்த கையில் முன்பக்கம் ஏற்கெனவே இளகித்தான் இருக்கும், அதையே இன்னும் இழுத்தால் மூட்டின் பிடிமானம்தான் குறையும்.

பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். தோள் மூட்டு கிட்டத்தட்ட அப்படித்தான். மேல்கை எலும்பின் உருண்டைத் தலைதான் இங்கே பந்து. அது பெரியது, அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் இல்லை. இடுப்பு மூட்டு மாதிரி எலும்பே கவ்விப் பிடித்துக்கொள்வது இங்கே கிடையாது. சுற்றியிருக்கிற தசையும் சவ்வும்தான் பந்தை நடுவில் நிறுத்துகின்றன. ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேலே எம்பி, கையைப் பின்னால் வளைத்து, முழு வேகத்தில் வீசி அடித்தபின் அந்தக் கை எங்காவது நின்றாக வேண்டும் அல்லவா? பிரேக் போடுவது தோளின் பின்பக்கத் தசைகள்தான். இப்படி எம்பி அடிக்கிற ஒவ்வொரு ஸ்பைக்குக்கும், எம்பிப் போடுகிற ஒவ்வொரு ஜம்ப் செர்வுக்கும் பிரேக் போட்டுப் போட்டு அவை இறுகிப்போகின்றன, பக்கத்தில் இருக்கும் மூட்டுச் சவ்வும் சேர்ந்து விறைக்கிறது. அதனால் அடிக்கிற கை வெளிப்பக்கம் தாராளமாகத் திரும்பும், உள்பக்கம் திரும்பக் கஷ்டப்படும்.

உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பார்க்காமல் ஸ்ட்ரெச் ஆரம்பிக்க வேண்டாம். தரையில் மல்லாந்து படுங்கள். மேல்கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, விரல்கள் கூரையைப் பார்க்க வையுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் தோளின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொள்ளட்டும். இப்போது உள்ளங்கை தரையைப் பார்த்து இறங்கும்படி கையைக் காலின் பக்கமாகச் சாயவிடுங்கள். நண்பரின் கைக்கு அடியில் தோள் எழும்பத் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை. அதற்கு மேல் போவதெல்லாம் தோள்பட்டை எலும்பு செய்கிற ஏமாற்று. போனில் சாய்வை அளக்கும் லெவல் ஆப்பைத் திறந்து, போனை முன்கை மேல் வைத்து, நேர்நிலையிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது உள்பக்கத் திருப்பம். அப்புறம் அதே மாதிரி தலைப்பக்கம் சாய்த்து ஒரு அளவு, அது வெளிப்பக்கத் திருப்பம். இன்னொரு கையிலும் இதே இரண்டு அளவு.

இந்த நான்கு எண்களையும் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடிக்கிற கை உள்பக்கம் குறைவாகத் திரும்புவதை மட்டும் வைத்துப் பயந்துவிடக் கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அடிக்க ஆரம்பித்தவர்களுக்கு, வளரும்போது மேல்கை எலும்பே அதற்கேற்ற முறுக்கோடு வளர்ந்திருக்கும். அவர்களுக்கு உள்பக்கம் குறைந்த அதே அளவு வெளிப்பக்கம் கூடியிருக்கும், எலும்பை எந்த ஸ்ட்ரெச்சாலும் திருப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு கைக்கும் உள், வெளி இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரண்டு கையிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் சரி, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். உள்பக்கத் திருப்பம் மற்றக் கையைவிட 20 டிகிரி அளவுக்குக் குறைந்து, கூட்டுத்தொகையும் 5 டிகிரிக்கு மேல் குறைந்தால், அங்கே உண்மையான இறுக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிசியோக்களும் இந்த அளவுகளைத்தான் பொதுவாகப் பார்க்கிறார்கள். போன் அளவில் சில டிகிரி முன்னே பின்னே இருக்கும், அதனால் மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

நான் முதலில் சொல்லித்தருவது, கையை மார்புக்குக் குறுக்கே இழுக்கும் ஸ்ட்ரெச். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள், ஆனால் நடு மைதானத்தில் நின்று செய்தால் கையோடு சேர்ந்து தோள்பட்டை எலும்பும் முன்னால் வந்துவிடும், இழுபட வேண்டிய இடம் இழுபடாது. சுவரோரம் போய் லேசாகத் திரும்பி நின்று, அடிக்கிற பக்கத் தோள்பட்டை எலும்பின் வெளி ஓரம் சுவரில் பதியும்படி சாயுங்கள். அது நகரக் கூடாது. கையைத் தோள் மட்டத்தில் வைத்து, மற்றக் கையால் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து மார்புக்குக் குறுக்கே இழுங்கள். தோளின் பின்பக்கம், ஆழத்தில், ஒரு இழுவை தெரியும். அதுதான் இடம். 30 விநாடி, 5 தடவை, தினமும். மூச்சை அடக்காதீர்கள்.

இன்னொன்று படுத்துச் செய்வது. அடிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அந்த மேல்கையை உடம்புக்கு முன்னால் தோள் மட்டத்தில் நீட்டி, முழங்கையை மடக்கி, மற்றக் கையால் மணிக்கட்டைத் தரையை நோக்கி மெதுவாக அழுத்துவது. உடம்பை முழுக்கத் தோள் மேல் சாய்க்காமல் முதுகுப்பக்கம் கொஞ்சம் சரித்துக்கொண்டால் மூட்டில் நெரிசல் குறையும். இதில் கவனம் வேண்டும், ஆள் வைத்து அழுத்தச் சொல்லாதீர்கள். தோளின் முன்பக்கம் குத்தினால் முழங்கையைச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள், அப்போதும் குத்தினால் இதை விட்டுவிட்டுச் சுவர் ஸ்ட்ரெச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல்முதுகையும் மறக்க வேண்டாம், அது வளையாவிட்டால் கையை மேலே தூக்கும் வேலை முழுக்கத் தோளின் தலையில் விழும். கேலரிப் படிக்கு முன்னால் முட்டி போட்டு, இரண்டு முழங்கையையும் படியில் வைத்து, புட்டத்தைக் குதிகால் பக்கம் தள்ளி, தலையைக் கைகளுக்கு நடுவே இறக்குங்கள். அக்குளிலிருந்து விலாவரை இழுக்கும். நாள் முழுக்கக் குனிந்து போன் பார்ப்பவர்களுக்கு நெஞ்சுத் தசை தோளை முன்னால் இழுத்து வைத்திருக்கும். டவலைச் சுருட்டி முதுகெலும்பு நெடுக வைத்து, அதன் மேல் மல்லாந்து, கைகளை விரித்து இரண்டு நிமிடம் படுத்தால் போதும்.

இவ்வளவையும் ஆட்டம் முடிந்தபின்போ இரவிலோ செய்யுங்கள். ஆடப்போகும் முன் ஒரே தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்தால் அடியில் வேகம் குறையும். அந்த நேரத்துக்குக் கை சுழற்றுதல், ரப்பர் பேண்டில் வெளிப்பக்கம் இழுத்தல், அப்புறம் பாதி வேகத்தில் சுவரில் பத்திருபது அடி என்று போனால் நல்லது. பேண்ட் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது தனியாகவும் செய்யுங்கள், இளகின தோளுக்குப் பலம் இல்லையென்றால் பயனில்லை.

சட்டையைக் கழற்றி நண்பரிடம் ஒருமுறை முதுகைக் காட்டுங்கள், தயங்காதீர்கள். அடிக்கிற பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல் மட்டும் சதை வற்றிக் குழிபோல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். வாலிபால் ஆடுகிறவர்களுக்கு அங்கே போகும் நரம்பு பாதிக்கப்படுவது உண்டு, பல நேரம் வலியே இருக்காது. இரவில் தூங்கவிடாத வலி, கை மரத்துப்போவது, தோள் நழுவுகிற மாதிரி உணர்வு, இவற்றுக்கும் ஸ்ட்ரெச் மருந்தல்ல.

நான்கு வாரம் கழித்து அதே நண்பரை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒன்று, அளக்கிற அன்று ஆடியிருக்கக் கூடாது, ஆடிய மறுநாள் காலையிலும் வேண்டாம், அடித்த கை அப்போது தற்காலிகமாக இறுகித்தான் இருக்கும்.