பாக்கெட் போட்டோவ ஆன்லைன்ல போடப்போறீங்களா, இத வாசிச்சிட்டுப் போடுங்க

மார்த்தாண்டம் தேன், நேந்திரங்கா சிப்ஸ், கருப்பட்டின்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து சரக்கெல்லாம் இப்ப வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாலயும் நல்லா ஓடுது, சந்தோசம், ஆனா நெறய பேரு கூகுள்ல தேடி யாரோ எடுத்த போட்டோவ எறக்கி வாட்டர்மார்க்க வெட்டிட்டு அப்படியே போட்டுருதாங்க. அது வேண்டாம் மக்களே. கூகுள்ல கெடக்கு, அதனால ஃப்ரீன்னு நெனைக்காதீங்க, காப்பிரைட்டுக்கு, அதாவது எடுத்தவருக்குள்ள உரிமைக்கு, பதிவே பண்ண வேண்டாம், போட்டோ எடுத்த உடனே வந்துரும்.

ஒரே பாக்கெட் போட்டோல மூணு உரிமை இருக்கு. போட்டோ எடுத்தவருக்கு ஒண்ணு (காசு குடுத்து எடுக்கச் சொல்லிருந்தா, வேற ஒப்பந்தம் இல்லன்னா காசு குடுத்தவருக்கு), லேபிள்ல இருக்க படத்துக்கு ஒண்ணு, பேரும் லோகோவும் டிரேட்மார்க், அதாவது கம்பெனியோட அடையாளம், அதுக்கு 1999ல வந்த தனிச் சட்டம்.

"ஃபேர் யூஸ் தானே, கேக்காமலே நியாயமா பயன்படுத்தலாமே"ன்னு சொல்லுவாங்க, அது அமெரிக்கச் சட்டத்துல உள்ளது. நமக்கு 1957 காப்பிரைட் சட்டத்துல 52ஆம் பிரிவு, ஃபேர் டீலிங், அதுல சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி, இப்படிக் குறிப்பிட்ட காரியங்கள்தான் வரும். சிப்ஸ் வாங்கித் தின்னுட்டு காறலா இருக்குன்னு பாக்கெட் படத்தோட எழுதுனா அது விமர்சனம். அடுத்தவன் போட்டோவ வச்சு சரக்கு விக்கது விமர்சனம் ஆகாது.

அதனால கையில இருக்க பாக்கெட்ட நீங்களே எடுங்க, போன் போதும். காலைல ஜன்னல் பக்கத்துல வெள்ள சார்ட் பேப்பர் விரிச்சு வைங்க, ஃப்ளாஷ் போடாதீங்க, பிளாஸ்டிக் கவர் பளபளன்னு அடிச்சு எழுத்தே தெரியாது, பாக்கெட்ட லேசா சாச்சுப் பாருங்க, பளபளப்பு ஒதுங்கிரும். தேன் பாட்டில்னா வெளிச்சம் பின்னாடி இருந்து வரணும், அப்பத்தான் அந்த நெறம் உள்ளபடி தெரியும். பின்பக்கத்தையும் எடுங்க, எடை, எம்ஆர்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் எல்லாம் வாசிக்கிற மாதிரி, வாங்குறவங்க அதத்தான் பெருசாக்கிப் பாப்பாங்க.

ஒரிஜினல் சரக்க வித்தா பாக்கெட்ல லோகோ தெரியுறதுல பொதுவா பிரச்சன வராது, ஆனா அந்த லோகோவ மட்டும் வெட்டி உங்க பேஜுக்கு டிபியா வச்சீங்கன்னா கம்பெனி ஏஜென்ட்டுன்னு ஆளுங்க நெனப்பாங்க, அது தப்பு.

கம்பெனி போட்டோவே வேணும்னா கேளுங்க. "உங்க இந்தப் போட்டோவ எங்க கடை பேஜ்ல விக்கதுக்குப் போடலாமா"ன்னு ஒரு மெசேஜ், போடுங்கன்னு பதில் வந்தா அத அழிக்காம வச்சிக்கிடுங்க. வாய்வார்த்தைய நம்பாதீங்க.

உங்க போட்டோவ வேற யாராவது தூக்குனா அந்த ஆப்புக்கு எழுத்துல புகார் குடுங்க, 2013 காப்பிரைட் விதிப்படி புகார் சரியா இருந்தா 36 மணி நேரத்துல அந்தப் போட்டோவ நீக்கணும், 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட் ஆர்டர் காட்டலன்னா ஆப்புக்காரங்க திரும்பப் போட்டுக்கலாம். நீங்கதான் எடுத்தீங்கன்னு காட்ட போன்ல எடுத்த ஒரிஜினல் ஃபைல் கையில இருக்கணும், வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா தேதி விவரம் எல்லாம் போயிரும், அதனால கூகுள் டிரைவ்ல தனியா ஏத்தி வைங்க.