கொல்லையைச் சுத்தம் செய்கிறவர்கள் செய்யக்கூடாதவை

சித்திரை பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கொல்லையை ஒழுங்குபண்ணிக் கொடுப்பது என் தொழில். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வெளியூரில் இருப்பவர்கள் வருவார்கள், பின்கதவைத் திறப்பார்கள், இடுப்பளவு புதர் நிற்கும். பார்த்ததும் ஒரு வேகம் வரும் பாருங்கள், அந்த வேகத்தில் நடக்கிற கூத்துகள்தான் பெரும்பாலும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகின்றன. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதில் பாதியைச் செய்தவன்தான். வருஷா வருஷம் புதுப்புது ஆட்கள் அதையே செய்வதைப் பார்த்து அலுத்துப்போய் எழுதுகிறேன்.

தொப்பி போடுங்கள், மோர் குடியுங்கள், கத்திரி வெயிலில் மத்தியானம் நிற்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நடந்து பார்க்காமல் அரிவாளைத் தூக்குவது

முதல் நாள் வேலை வெட்டுவது இல்லை. ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு தட்டித் தட்டி நடப்பதுதான். புதருக்கு அடியில் செப்டிக் டேங்க் மூடி இருக்கும், தூர்ந்த கிணறு இருக்கும், யாரோ எப்போதோ போட்ட தண்ணீர்க் குழாய் இருக்கும். பழைய மூடியின் கம்பி துருப்பிடித்து சிமென்ட் உளுத்திருந்தால் ஆள் கனம் தாங்காது. கடப்பாரையால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். மூடி இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பாம்பும் அப்படித்தான். வெயில் காலத்தில் அதற்கும் குளிர்ச்சி வேண்டும். அடுக்கி வைத்த செங்கல், மட்டைக் குவியல், தண்ணீர்த் தொட்டியின் அடி, இவைதான் அதன் இடம். மட்டையைக் கையால் புரட்டாதீர்கள், கம்பால் உங்கள் பக்கம் இழுங்கள். கண்ணில் பட்டால் அடிக்கப் போகாமல் 101க்குப் போன் செய்யுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் மருந்து ஒன்றுதான். அதனால் எந்தப் பாம்பு என்று தேடிப் பிடிக்கப் போய் இன்னொரு கடி வாங்க வேண்டாம்.

கொல்லைக்குள் ஜேசிபி விடுவது

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருந்து லீவுக்கு வந்திருந்தார். கொல்லையில் ஒரு பெரிய மாமரம், நாலு தென்னை, ஒரு கொய்யா, மீதியெல்லாம் புதர். நான் போய்ப் பார்த்துவிட்டு, "சார், நாலு ஆளை வச்சு மூணு நாள் வேலை" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், "எதுக்கு தம்பி ஆள் தேடிக்கிட்டு? ஜேசிபியைக் கூப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல தரை தெரிஞ்சிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அடுத்த வாரம் என்னைச் செடி வைக்கக் கூப்பிட்டார்கள். போனால், வண்டி நுழைய மதில் சுவரை உடைத்திருந்தார்கள். செப்டிக் டேங்க் ஸ்லாப் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. அதையெல்லாம் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். எனக்கு வயிறு எரிந்தது மாமரத்தடியில்தான். மரத்தைச் சுற்றி நூல் நூலாகப் பழுப்பு வேர்கள் அறுந்து மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைக் கிள்ளினேன், விரலிடுக்கில் பொடிந்தது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக் கொடுக்கிற வேர் இந்த மெல்லிய வேர்தான், அதில் பெரும்பங்கு மேல் இரண்டடிக்குள்ளேயே இருக்கும். ஆழத்தில் ஆணிவேர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று சமாதானம் சொல்வார்கள். தென்னைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது, அதற்கு ஆணிவேரே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொல்லை 1000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பக்கெட் அரையடி வழித்தால் 500 கன அடி மண். லோடுக்காரர்கள் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக, ஐந்து யூனிட் மேல்மண். எத்தனையோ தலைமுறை காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், அதன்மேல் வருஷக்கணக்காக விழுந்து மக்கிய சருகு, மண்புழு எல்லாம் சேர்ந்த மண் அது. பாலில் ஆடையை வழித்துக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்ட மாதிரிதான். அதைக் "குப்பை மண்" என்று சொல்லி டிப்பரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றிப் போனதற்குக் கூலியையும் வீட்டுக்காரரிடமே வாங்கியிருக்கிறார்கள்! அப்படிப்பட்ட மண்ணை எந்த நர்சரிக்காரரும் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். எங்கே போய் இறங்கியிருக்கும் என்று நான் விசாரிக்கவில்லை.

இதோடு முடியாது. ஜேசிபியின் எடை ஏழு டன்னுக்கு மேல். அது முன்னும் பின்னும் நாலு தடவை ஓடினால் கீழ்மண் இறுகிப் போகும், கடப்பாரை போட்டால் ணங்கென்று திருப்பி அடிக்கும். தரை பள்ளமாகிவிட்டது என்று அந்த வீட்டில் கிராவல் லோடு இறக்கினார்கள், அதற்கு ஒரு செலவு. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் அடுப்படி வாசல் வரை வந்து நின்றது. மழை விட்டதும் முதலில் முளைத்தவை பார்த்தீனியமும் கோரையும். இரண்டும் அந்தக் கொல்லையில் முன்னே கிடையாது, லோடு மண்ணோடு வந்தவை. போட்டிக்கு வேறு செடி இல்லாத வெற்றுத் தரை என்றால் பார்த்தீனியத்துக்குக் கேட்கவே வேண்டாம், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். மாமரம் சாகவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்துவிட்டது.

ஜேசிபியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மரம் ஏதும் இல்லாத காலி மனையில் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், காடாக மண்டிக் கிடந்தால் நானே போன் போட்டு வரச் சொல்வேன். வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு வேலிகாத்தான் இருந்தால் அதற்குக் கடப்பாரைதான். தரை மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேருகிற கழுத்தில்தான் அதன் மொட்டுகள் இருக்கின்றன. சுற்றித் தோண்டி அந்தக் கழுத்துக்குக் கீழே வெட்டி எடுங்கள்.

மற்றதெல்லாம் அரிவாள் வேலை. நாலு விரல் உயரம் விட்டு அறுங்கள். ஒரு பருவத்தோடு சாகிற செடிகளின் வேரைப் பிடுங்க வேண்டாம், மண்ணுக்குள்ளேயே மக்கட்டும், அந்த ஓட்டை வழியாகத்தான் மழைத் தண்ணீர் இறங்கும். விதை கட்டியதை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு, அறுத்ததை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். அடிமரத்தில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும், கரையான் ஏறும். "என்னங்க, இன்னும் தரையே தெரியலையே" என்று கேட்பார்கள். மே மாத வெயிலில் தரை தெரியக் கூடாது.

கோரையைக் கொத்திவிட்டுத் தண்ணீர் விடுவது

கோரையின் பலம் கிழங்கில். ஒன்றோடொன்று நூல் கட்டினாற்போலக் கோர்த்துக்கொண்டு போகும். மண்வெட்டியால் கொத்தினால் அந்தச் சங்கிலி அறும், அறுந்த ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடி. கொத்திய கையோடு சாயங்காலம் குளிரக் குளிரத் தண்ணீர் அடித்தால், நீங்கள் செய்தது களையெடுப்பு இல்லை, நடவு.

வெயிலை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. ஒரு முழ ஆழத்துக்குக் கிளறி, கட்டியை உடைத்து, கிழங்குகளைப் பொறுக்கி மொட்டை மாடித் தளத்தில் காயப் போடுங்கள். தப்பியது மண்ணுக்கு மேலே கிடந்து காயட்டும். அந்தப் பகுதிக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது. கோடை மழை பெய்துவிட்டால் ஈரம் காய்ந்ததும் இன்னொரு முறை கிளறிவிடுங்கள். ஒரே கோடையில் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், கோரை அப்படிப்பட்ட ஜென்மம் இல்லை.

வாடிக் கிடக்கும் களைக்கு மருந்து அடிப்பது

கிளைபோசேட் வகை மருந்து இலை வழியாகப் போய் வேரைக் கொல்வது. செடி தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தால்தான் அது உள்ளே இறங்கும். தண்ணீரில்லாமல் சுருண்டு, இலையெல்லாம் புழுதி படிந்து நிற்கும் செடியில் அடித்தால் மருந்துக் காசு வீண். இலை கருகும், வேர் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் திரும்ப வரும். காற்றில் சாரல் வாழைக்கன்று மேல் பட்டால் அதுவும் போச்சு. இந்த மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவிக்கையே போட்டிருக்கிறது. ஆனாலும் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, "எவ்வளவு மூடி ஊத்தணும்?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

களைக்கு உப்புக் கொட்டுவது

கூடாது. களை மட்டுமில்லை, பிறகு எதுவுமே முளைக்காது.

எருக்கை வெறுங்கையால் ஒடிப்பது

அதன் பால் கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம். அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்துக் கண்ணைக் கசக்குவீர்கள், ஆபத்து அங்கேதான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காமலே பார்வை மங்கும். வலி இல்லையே என்று அலட்சியமாக விட்டுவிடுவார்கள். உடனே தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பார்த்தீனியத்துக்கும் கையுறை வேண்டும். அது அரிப்பும் இரைப்பும் கொடுக்கும். பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டிய செடி அது.

மரத்தடி வரை பிரஷ் கட்டர் ஓட்டுவது

வேலை சீக்கிரம் முடியும், மறுக்கவில்லை. ஆனால் சுழலும் நைலான் நரம்பு இளம் கொய்யாவின் அடியில் ஒரு சுற்று உரசினால் போதும், பட்டை வளையமாக உரிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இலை தயாரிக்கிற உணவு அந்தப் பட்டை வழியாகத்தான் வேருக்குப் போக வேண்டும். வழி அடைபட்டு வேர் பட்டினி கிடக்கும், சில மாதம் கழித்து மரம் காயும். பூச்சி அடித்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள். குனிந்து அடிமரத்தைத் தடவிப் பார்த்தால் நரம்பு போன தடம் அப்படியே இருக்கும். மரத்தைச் சுற்றி இரண்டடிக்குக் கைவேலைதான்.

குவித்துக் கொளுத்துவது

மரத்தடியில் கொளுத்தினால் மேல்வேர் வெந்துவிடும். குவியலில் அரளி இருந்தால் புகையே விஷம். மூடாக்குக்குப் போடுவதற்கு இருப்பதை ஏன் சாம்பலாக்க வேண்டும்?

விழுந்த தென்னையை மூலையில் போட்டு வைப்பது

காண்டாமிருக வண்டு முட்டை வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உளுத்த துண்டைப் பிளந்து பாருங்கள், கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அதுதான் வண்டாகி மேலே போய்க் குருத்தைக் குடையும். எருக்குழியிலும் இந்தப் புழு இருக்கும், அவ்வப்போது கிளறிப் பொறுக்குங்கள்.

மொத்தமாகக் கூலி பேசுவது

"கொல்லை முழுக்கச் சுத்தம் பண்ணித் தரணும், இவ்வளவு ரூபாய்" என்று பேசினால், வருகிறவர் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவார். அந்த வேகத்தில் கறிவேப்பிலைக் கன்றும், வேலியில் ஏறிய பிரண்டையும், வீட்டம்மா கீரைக்குப் பறிக்கிற மூக்கிரட்டையும் சேர்ந்து போகும். நாள் கூலிக்குப் பேசுங்கள். ஆள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கூட அழைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, இருக்க வேண்டிய ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம், புழுதியில் தெரியாது.